செயல்வழிக் கற்றல் முதல் எண்ணும் எழுத்தும் வரை: குழந்தை வாசிக்கக் கற்கும் நேரம் எங்கே போகிறது?

கரும்பலகை – இடைநிலை ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாகச் சீர்திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2007-08இல், குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2010-11இல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் சமச்சீர் கல்வி தொடங்கியது. 2012-13இல் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும், ஆங்கிலவழிப் பிரிவுகளும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. 2018-19இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கின. 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. இவற்றால் ஆறு வயதுக் குழந்தை தமிழ் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வேலை எளிதாகியிருக்கிறதா என்பதை இங்கே பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எந்தத் திட்டத்தின் கற்பித்தல் முறையையும் நான் பழிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் வகுப்பறைக்குப் பயன்பட்ட கூறு ஒன்று உண்டு. ஆனால் ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு மதிப்பீட்டையும், ஒரு பதிவேட்டையும், பிற்காலத்தில் ஒரு செயலியையும் உடன் கொண்டுவந்தது. திட்டம் மாறியபோது பழைய பதிவேடு ஒழிந்ததாக எனக்கு நினைவில்லை. இவை அனைத்துக்கும் வேண்டிய நேரம், குழந்தையின் அருகில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கும் நேரத்தில் இருந்துதான் எடுக்கப்படுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆகவே ஈராசிரியர் பள்ளியில் முதல் மூன்று வகுப்புகளை ஒருவரே ஒரே அறையில் நடத்துவது வழக்கம். அந்த அறையில் இருபது குழந்தைகள் இருப்பதாகவும், தமிழுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழந்தையையும் நான்கு நிமிடம் வாசிக்கச் செய்து கேட்டாலே எண்பது நிமிடம் போய்விடும். மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல மீதமிருப்பது பத்து நிமிடம். இந்தச் சூழலில் மதிப்பீட்டுக்காக எடுக்கப்படும் ஒவ்வொரு அரைமணி நேரமும் ஏழெட்டுக் குழந்தைகள் அன்று வாசிக்காமல் போன நேரம் என்றே நான் கணக்கிடுகிறேன்.

பாலாற்றங்கரை – ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர், வேலூர்

அம்மா, செயல்வழிக் கற்றலின் தொடக்க ஆண்டுகளில் வட்டார வளமையத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இன்றைய இளம் ஆசிரியர்கள் பலருக்கு அந்த வரலாறு தெரியாது.

அந்த முறையின் வேர் ஆந்திரத்தில், மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. ஓராசிரியர் பள்ளியில் பல வயதுக் குழந்தைகள் ஒன்றாக உட்காரும் நிலையைக் குறையாகக் கருதாமல், அதற்கு ஏற்பவே பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, ஏணியாக அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் அட்டைகளை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இதை நடைமுறைப்படுத்தினார். அதற்கு முன்பே, வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையில் இருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் கல்வியில் அவர் ஈடுபட்டிருந்தார். வழக்கமான வகுப்பறைக்குள் பொருந்தாத குழந்தைகளை நேரில் கண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. சென்னையில் அது தொடங்கிய விதத்தைக் கவனியுங்கள். ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பிப் பார்க்க வைத்தார்கள். பார்த்துத் திரும்பிய ஆசிரியர்களே உட்கார்ந்து அட்டைகளை எழுதினார்கள். 13 பள்ளிகளில் சரிப்பட்டு வந்ததைப் பார்த்த பிறகே மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

வாசிப்பைப் பொறுத்தவரை அந்த அட்டைகள் ஒரு நல்ல காரியத்தைச் செய்தன. அகரவரிசையை முதலில் முழுவதும் மனப்பாடம் செய்ய வைக்காமல், ட, ப, ம போன்ற எழுத எளிய வடிவங்களை முன்னால் வைத்து, இரண்டு மூன்று எழுத்துகள் தெரிந்தவுடனே ‘படம்’, ‘பட்டம்’ என்று சொல்லாக வாசிக்க வைத்தன. முதல் மாதத்திலேயே தன்னால் வாசிக்க முடிகிறது என்ற நம்பிக்கை குழந்தைக்கு வந்தது. கீழ்மட்டக் கரும்பலகையில் தனக்கென ஒரு பகுதியும், கம்பிப் பந்தலில் தான் வரைந்த படமும் இருந்ததால் அந்த அறை குழந்தைக்குச் சொந்தமாக இருந்தது.

பிறகு, 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே வீச்சில் போனபோது, ஆசிரியர்கள் தாமே எழுதிய அட்டை மேலிருந்து அச்சிட்டு வந்த அட்டையாயிற்று. எங்களைப் போன்ற பயிற்றுநர்களுக்கும் வேலை மாறியது. ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு குழந்தை ஏன் ஒரே மைல்கல்லில், அதாவது ஏணியின் சில படிகள் சேர்ந்த ஒரு கட்டத்தில், நிற்கிறது என்று யோசித்த நாங்கள், வட்டமாக உட்கார வைத்திருக்கிறார்களா, சின்னங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று குறித்துக்கொண்டு வரும் அலுவலர்களாக மாறினோம். குழந்தைகளில் சிலர் அட்டையின் சின்னத்தைத் தேடி எடுப்பதில் தேர்ந்தார்கள்; அட்டையில் உள்ள சொல்லை வாசிக்க வராமலேயே அடுத்த படிக்கு நகர்ந்தார்கள். ஏனென்றால் எத்தனை குழந்தைகள் எந்த மைல்கல்லில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையே மேலே கேட்கப்பட்டது. இதைக் கரும்பலகை அம்மா சொல்லும் நேரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நேரம் போனது உண்மை. அதற்கு முன்பே ஆசிரியரின் கையில் இருந்து முடிவு போய்விட்டது.

சித்திரைவீதி – பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், மதுரை

என் இரண்டு குழந்தைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஆசிரியர்களின் சுமை எனக்குப் புரிகிறது. அதற்காக மதிப்பீடே தேவையற்றது என்ற முடிவுக்கு இந்த உரையாடல் போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ஆசர் ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 2018இலேயே நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள். 2022இல் அது ஐந்துக்கும் கீழே இறங்கியது. 2024இல் பன்னிரண்டை ஒட்டி ஏறியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 வரை மூடிக் கிடந்தன என்பதால் 2022இன் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ளலாம். அதற்கு முன்னால் இருந்த பத்துக்கு என்ன விளக்கம்? அந்தக் குழந்தைகள் ஒவ்வொரு ஆண்டும் அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தேர்ச்சி நிறுத்தம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தையை நிறுத்தி வைப்பதால் அது வாசிக்கக் கற்றுவிடாது. ஆனால் என் குழந்தைக்கு வாசிக்க வரவில்லை என்பதை ஆறாம் வகுப்பில் அல்ல, இரண்டாம் வகுப்பிலேயே ஒருவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஆங்கிலவழிப் பிரிவு குறித்தும் கேட்க வேண்டியிருக்கிறது. தனியார் பள்ளிக்குப் போகும் குழந்தைகளைத் தக்கவைக்கவே அது கொண்டுவரப்பட்டது. எங்கள் பகுதியில் பெற்றோர் ஆங்கிலவழியையே கேட்கிறார்கள். நானும் முதல் குழந்தைக்கு அதையே தேர்ந்தெடுத்தேன். அதனால் வாசிப்புக்கு நன்மையா தீமையா என்பதை ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொன்னால் நல்லது.

கரும்பலகை

சித்திரைவீதி அவர்களுக்கு: மதிப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை ‘கொக்கு’ என்பதைக் ‘கெகாகு’ என்று எழுத்துக்கூட்டும்போது ஆசிரியர் கண்டுகொண்டு திருத்துகிறாரே, அதுவே மதிப்பீடு. இப்போது நடப்பது வேறு. ஒவ்வொரு குழந்தையையும் அழைத்து, கைப்பேசியில் கேள்வியைத் திறந்து, விடையைத் தொட வைத்து, அது பதிவாகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இணைய வேகம் குறைந்த மலையோரக் கிராமத்தில் இதைச் செய்தவர்களுக்குத்தான் அந்த நாள்கள் எப்படிப் போயின என்று தெரியும். அதன் முடிவு ஆசிரியருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. யாருக்கு எது வரவில்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இதோடு பள்ளித் தரவுகளைப் பதிவேற்றும் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள்களின் விவரம், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவையும் இருக்கின்றன. தேர்தல் காலம் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியும் சேரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த பிற கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. தரவுப் பதிவைக் கல்விப் பணி என்று பெயரிட்டுவிட்டால் அந்தப் பிரிவு நம்மைக் காப்பதில்லை.

ஆங்கிலவழி குறித்து, கேட்டதால் சொல்கிறேன். பல சிறிய பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுக்கெனத் தனி ஆசிரியர் இல்லை. அதே ஆசிரியர், அதே அறை. மூன்று வகுப்புகள் இரண்டு வழிகளால் பெருகி ஆறாகின்றன. வீட்டில் ஆங்கிலம் கேட்காத குழந்தை கணக்கையும் சூழ்நிலையியலையும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் திணறும்போது, தமிழ் வாசிப்பில் இன்னும் காலூன்றியிருப்பதில்லை. ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற குழந்தைக்கு இரண்டாவது மொழியின் எழுத்து எளிதாக வரும் என்பதை வகுப்பில் திரும்பத் திரும்பக் காண்கிறேன். தங்களைப் போன்ற பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலம் வேண்டும் என்ற அவர்களின் விருப்பம் நியாயமானது; அதற்கு நல்ல ஆங்கில வகுப்பு தருவதே சரியான பதில்.

உயிர்மெய் – மொழிக் கல்வி ஆய்வு மாணவி, புதுச்சேரி

வாசிப்புக் கல்வி குறித்த கொள்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது எழுத்து முறையின் இயல்பு. ஆங்கிலத்துக்காக வகுத்த காலக்கெடுவை நம் மொழிகளின் மேல் அப்படியே வைக்க முடியாது.

ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள். அவற்றின் ஒலிகள் குழப்பமானவை. தமிழில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு பெரிதும் ஒழுங்கானது. ஆனால் குழந்தை அடையாளம் காண வேண்டிய வடிவங்கள் மிகப் பல. உயிர்மெய் மட்டும் 216. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர் ஒலி பின்னால் வந்தாலும் அதன் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’, ‘கோ’ என்பவற்றில் இருபுறமும் நிற்கிறது. கரும்பலகை ஆசிரியை காட்டிய ‘கெகாகு’ என்பது கவனக்குறைவால் வந்த பிழை அன்று. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் குழந்தை நேர்மையாக வாசித்ததன் விளைவு. உகர, ஊகார வரிசைகளில் கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் உருவம் மாறுகிறது. ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ மூன்றிலும் உள்ள ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது.

இதே வகை எழுத்து முறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இவ்வளவு வடிவங்களையும் கற்க ஓரிரு ஆண்டுகள் போதாது, தொடக்கப் பள்ளியின் பிற்பகுதி வரை அது நீளும் என்று காட்டின. ஆகவே மூன்றாம் வகுப்பில் ஒரு தமிழ்க் குழந்தை இன்னும் தடுமாறுவதை முழுவதும் ஆசிரியரின் தோல்வியாகக் கணக்கிடுவது முறையன்று. ஆசர் எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத்து தெரியாததால் நின்ற குழந்தையையும், எழுத்து தெரிந்தும் எழுத்துத் தமிழின் சொற்கள் பழகாததால் நின்ற குழந்தையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ‘வூட்டுல’ என்று பேசும் குழந்தை நூலில் ‘வீட்டில்’ என்று காண்கிறது. ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைக்கு இந்தத் தூரம் இன்னும் அதிகம். இந்த இரண்டாவது வகைக் குழந்தைக்கு மேலும் எழுத்துப் பயிற்சி கொடுப்பதால் பயனில்லை. அதற்குக் கதை கேட்கக் கிடைக்க வேண்டும். எளிய நூல்கள் நிறையக் கிடைக்க வேண்டும். அந்த வகையில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியதை அண்மைக்காலத்தின் மிகச் சிறந்த முயற்சியாகக் கருதுகிறேன்.

வைகறை – தலைமையாசிரியர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்

கரும்பலகை அம்மாவின் பதிவில் பாதியை ஏற்கிறேன். பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

எண்ணும் எழுத்தும் வருவதற்கு முன்னால் மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு மூன்றாம் வகுப்புப் பாடநூலை முடிப்பதே கடமையாக இருந்தது. 2018-19இலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் வந்த புதிய நூல்கள் தோற்றத்தில் அழகானவை, உள்ளடக்கத்திலோ கனமானவை. அவற்றை ஓடி முடித்தால் முன்வரிசையில் இருக்கும் சிலர் மட்டுமே உடன் வருவார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்து, அரும்பில் இருக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்தில் இருந்தே தொடங்கலாம் என்று அரசே சொன்னது, பலருக்கு முதன்முதலாகக் கிடைத்த அனுமதி. தனக்கு எட்டாத நூலை நாள் முழுவதும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கு அது விடுதலை. ஆசிரியர் கையேடு ஆசிரியரைக் கட்டிப்போடுகிறது என்கிறார்கள். புதிதாகப் பணியில் சேர்ந்து, முதல் வகுப்புக்கு எப்படிக் கதை சொல்வது என்று தெரியாமல் நின்ற இளைஞர்களுக்கு அந்தக் கையேடும் பாடல் களமும் கதைக்களமும் எவ்வளவு உதவின என்பதை நேரில் பார்த்தவன் நான்.

ஆசிரியரின் சுதந்திரம் என்று பேசும்போது இன்னொன்றையும் நாம் மனத்தில் வைக்க வேண்டும். சுதந்திரம் இருந்த காலத்திலும் எல்லாக் குழந்தைகளும் வாசிக்கவில்லை. சித்திரைவீதி ஐயா கேட்ட கேள்விக்கு ஆசிரியர்களாகிய நாம் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எனக்குள்ள வருத்தம் வேறு. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் எண்ணறிவும் எழுத்தறிவும் பெற வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. இலக்கு வைத்தது தவறில்லை. ஆனால் ஆண்டு நெருங்க நெருங்க, மலரில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைக் கேட்பது கூடியது. அரும்பில் இருக்கும் குழந்தையை அரும்பு என்றே எழுதினால் விளக்கம் கேட்பார்களோ என்ற அச்சம் வந்த இடத்தில், அந்தக் குழந்தைக்கு வேண்டிய கற்பித்தல் நின்றுபோகும். நிலைப்படி கற்பிக்கும் முறையின் உயிரே, நிலையை உள்ளபடி சொல்வதில்தான் இருக்கிறது.

பாலாற்றங்கரை

வைகறை ஐயா கடைசியாகச் சொன்னதுதான் செயல்வழிக் கற்றலின் மைல்கற்களுக்கும் நேர்ந்தது. முறை மாறினாலும் நோய் அதேதான்.

பயிற்றுநர்களின் நிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியில்தான் வட்டார வளமையங்களும் பயிற்சிகளும் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான பணியாளர்களின் ஊதியமும் நடக்கின்றன. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் கையெழுத்திட்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்ற காரணத்தால் 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அந்தக் கொள்கையில் உள்ள மும்மொழித் திட்டம் குறித்து இங்கே இருப்பவர்களுக்குப் பல கருத்துகள் இருக்கலாம். என் கருத்தில், கொள்கைப் பூசலுக்கு ஈடாக ஒரு மாநிலத்தின் தொடக்கப் பள்ளி நிதியைப் பிடித்துவைப்பது ஒருபோதும் ஏற்கத்தக்கதன்று. அந்தப் பூசலின் செலவு மேசையில் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் மேல் விழுவதில்லை.

உயிர்மெய்

நேரம் குறித்து ஒரு சான்றைச் சேர்க்கிறேன். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டு ஊரகக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பள்ளிகள் மூடியதால் ஏற்பட்ட இழப்பு மிகப் பெரிது. ஆனால் பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தத் திட்டத்தில் நுட்பமான கற்பித்தல் முறை ஏதும் இல்லை. ஊரில் இருக்கும் ஒரு பெண், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலையில் சிறு குழுவாகக் குழந்தைகளை உட்கார வைத்து, அவர்களோடு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார். அவருக்குப் பதிவேற்ற வேண்டியவை குறைவு. குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் உறவு அதிகம். ஆசிரியருக்கு அந்தத் தன்னார்வலர் மாற்றாக முடியாது, ஆக்கவும் கூடாது. பயிற்சி பெற்ற ஆசிரியருக்கும் அப்படிப்பட்ட நேரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே இதைச் சொல்கிறேன்.

சித்திரைவீதி

எல்லோருக்கும் நன்றி. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கும்படி எதைக் கேட்கலாம்? ‘சுமையைக் குறையுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் அது கோப்போடு கிடக்கும். பெற்றோருக்கும் புரியக்கூடிய, செய்யக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

கரும்பலகை

வைகறை ஐயா மறுத்ததில் எனக்கு உடன்பாடே. நிலைப்படி பிரித்தது நல்லது என்பதை நானும் ஏற்கிறேன். அதைக் காப்பாற்றவே இதை எழுதுகிறேன்.

தீர்மானத்துக்கு எனக்குத் தோன்றுபவை இவை. காலையில் முதல் ஒரு மணி நேரம், ஒன்று முதல் மூன்று வகுப்பு ஆசிரியரிடம் எந்தத் தகவலும் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் வரும் எந்த ஆணைக்கும் அன்று மாலைக்குள் பதில் அளித்தால் போதும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு குழந்தைகள் நேரத்தோடு வந்து பசியில்லாமல் உட்காருகிறார்கள், எனவே நாளின் மிகச் சிறந்த நேரம் அதுதான். அந்த ஒரு மணி நேரம் வாசிப்புக்கு மட்டும் என்று எழுதிவையுங்கள். அடுத்து, முதல் வகுப்பை எடுக்கும் ஆசிரியரே அதே குழந்தைகளோடு மூன்றாம் வகுப்பு வரை தொடரட்டும். நடுவில் மாற்றுப்பணிக்கு அனுப்ப வேண்டாம். உயிர்மெய் அவர்கள் சொன்ன நீண்ட கற்றல் காலத்துக்கு இது மிகவும் தேவை. மூன்றாவதாக, பருவத்துக்கு ஒரு முறை, பெற்றோர் முன்னிலையில் தங்கள் குழந்தை ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கட்டும். செயலி வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டது அப்போது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்துவிடும்.

வைகறை

மூன்றாவதில் ஒரு திருத்தம் வேண்டுகிறேன். எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொன்னால் திணறும் குழந்தை கூசிப்போகும். அடுத்த பருவத்தில் அதன் தாய் கூட்டத்துக்கே வர மாட்டார். ஒவ்வொரு பெற்றோரும் தனியாக, தன் குழந்தையோடும் ஆசிரியரோடும் மட்டும் உட்காரும்படி செய்யுங்கள். என்ன வரவில்லை, அடுத்த இரண்டு மாதம் பள்ளியில் என்ன செய்யப் போகிறோம், வீட்டில் என்ன செய்யலாம் என்று அங்கேயே பேசிக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம், குழந்தை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதையைக் கேட்டால் போதும் என்று சொல்ல மறக்க வேண்டாம்.

சித்திரைவீதி

திருத்தத்தோடு எழுதிக்கொண்டேன். ஒரு மணி நேர வாசிப்பையும் ஆசிரியர் தொடர்ச்சியையும் வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பும் தீர்மானத்தில் வைக்கிறேன். தனித்தனியாகச் சந்திப்பதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை என்பதால், அதை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாமா என்று எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறேன். ஆங்கிலவழிப் பிரிவு பற்றித் தனி இழை தொடங்குகிறேன். பெற்றோர் பலர் அங்கே பேச வேண்டியிருக்கிறது.